சத்தம் போடாத சீட்டு

கடையில் அஸ்ஸார் பேங்க் கார்டைத் தட்டினால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி அவர் வீட்டுச் சமையலறையில் மணி அடிக்கும். டிங் என்று ஒரே ஒரு சத்தம். பெண்டாட்டி மைலிஸ் போனை எடுத்துப் பார்ப்பாள். எந்தக் கடை, எத்தனை குரோனா, எத்தனை மணி எத்தனை நிமிஷம், எல்லாம் அதில் வந்துவிடும். முன்னால் பெட்டி வைத்த மொபெட்டை அவர் வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அவள் கேள்வியோடு வாசலில் நிற்பாள்.

“ரெண்டு பன்னு எதுக்கு?”

“ஒண்ணு நேத்து திங்காததுக்கு.”

“நேத்தும் தின்ன. பத்து மணி இருபதுக்கு.”

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கணக்கு, கார்டு இரண்டு. நாற்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் எல்லாவற்றையும் பங்கு போட்டாயிற்று, இதை மட்டும் பிரிப்பானேன் என்று விட்டுவிட்டார்கள்.

கார்டு என்பது சட்டைப்பைக்குள் உட்கார்ந்திருக்கும் ஒற்றன் என்பது அஸ்ஸாரின் தீர்மானம். ஆறு வருஷம் பள்ளிக்கூடம் போனவர். அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க மரம் வெட்டியவர். பேங்க்காரன், டாக்டர், வானிலை சொல்கிறவன் மூன்று பேரையும் அவர் நம்பியதில்லை. நம்பாமல் இருந்து என்ன பண்ணுவது? சுவீடனின் வடக்குக் கோடியில் லில்திராஸ்க் மாதிரி ஒரு பட்டிக்காட்டிலேயே பண நோட்டைக் கண்ணால் பார்த்து ஏழெட்டு வருஷமாகிறது. சர்ச்சில் காணிக்கைப் பையை மடித்து வைத்துவிட்டுக் கதவோரம் ஒரு கருப்பு எந்திரத்தை மாட்டியிருக்கிறார்கள். கர்த்தருக்கும் கார்டுதான்.

இந்த மணியடிக்கிற ஏற்பாடு மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தது. அஸ்ஸார் காட்டில் விறகு வெட்டப் போனார். கட்டை உருண்டு காலை அமுக்கிக்கொண்டது. நாலு மணி நேரம் பனியில் கிடந்தார். பக்கத்து வீட்டுத் தோர்ஸ்தென்னின் நாய்தான் மோப்பம் பிடித்து வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரமே மைலிஸ் போனில் என்னத்தையோ அமுக்கி இந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டாள். கிழவனுக்கு மூளையும் உறைந்திருக்கும், காசை வாரி இறைத்துவிடுவான் என்று பயந்துவிட்டாள் போல என்று அவர் நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் அப்படித்தான்.

மணி அடிப்பதால் அவருக்கு வேறு நஷ்டம் ஒன்றுமில்லை, ஒரு சறுக்குவண்டியைத் தவிர.

அந்தக் கதை இது. போன பனிக்காலத்துக்கு முந்தின பனிக்காலம் அஸ்ஸார் பனி தள்ளுகிற டிராக்டரைப் பின்னால் எடுத்தார். பின்னால் மைலிஸின் சறுக்குவண்டி நின்றது. நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், மேலே சிவப்பு அடித்த ஒரு மர நாற்காலி. பின்சட்டத்தில் நின்றுகொண்டு ஒரு காலால் உதைத்தால் பனிமேல் வழுக்கிக்கொண்டு பறக்கும். அவளுடைய அப்பா கொடுத்தது. டிராக்டர் ஏறி இறங்கியதில் நாற்காலி சுள்ளியாகிவிட்டது, சட்டம் வளைந்துபோய்விட்டது.

மைலிஸ் கார் ஓட்டமாட்டாள். அஸ்ஸாரின் கார் லைசென்ஸை டாக்டர் பிடுங்கிக்கொண்டார். புதன்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழு, வெள்ளிக்கிழமை கடையில் சிநேகிதிகளோடு காப்பி, எல்லாவற்றுக்கும் அவளுக்கு அந்த வண்டிதான். அது போனபின் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வீட்டைவிட்டு இறங்கவில்லை. வழுக்குகிறது என்றாள். பாட்டுக் குழுவுக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள். ஆனால் பாத்திரம் கழுவும்போது பாடினாள். அஸ்ஸார் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவாள். அவர் தலையைக் கண்டதும் அவள் நிறுத்துகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அது அவரைப் போட்டு அறுத்தது.

மன்னித்துக்கொள் என்கிற வார்த்தை அஸ்ஸார் வாயில் நுழையாது. நுழையாத வார்த்தைக்குப் பதிலாகப் புது வண்டி ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கடைக்குப் போனார். கடை அன்னெலியுடையது. ஐம்பது வயது, பெரிய குரல், ஊரில் அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. ரெண்டாயிரத்து இருநூறு குரோனா, வரவழைத்துத் தருகிறேன் என்றாள். அவர் கார்டைத் தட்டினார். வீடு போய்ச் சேர்ந்தபோது மைலிஸ் போனை மேஜையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அன்னெலிகிட்ட பேசிட்டேன். வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“எதுக்கு?”

“கூரை ஒழுகுது. எனக்கு வயசு அறுபத்தொம்பது. இன்னும் எத்தன நாளு காலத் தூக்கி உதைக்கப் போறேன்? சும்மா கிட, கிழவா.”

அதோடு முடிந்தது. ஆனால் அஸ்ஸாருக்கு முடியவில்லை. வரும் நவம்பரில் அவளுக்கு எழுபது. அன்றைக்குக் காலையில் வண்டி வாசலில் நின்றாக வேண்டும். நின்றுவிட்டால் அவளால் வேண்டாமென்று சொல்ல முடியாது. நிற்கிற வரைக்கும் அவள் போன் வாயைத் திறக்கக் கூடாது.

“நோட்டா எடுத்துட்டு வந்து குடுத்தா?” என்று அன்னெலியிடம் கேட்டார்.

“எடுக்கும்போதும் டிங்குன்னு கேக்கும்ல? அதுவும் இல்லாம நோட்ட வாங்கி நான் எங்க கொண்டுபோய்க் கட்டுவேன்? டவுன் பேங்க்ல நோட்டக் கண்டா செத்த எலியப் பாக்குற மாதிரி பாக்குறான்.”

“அப்போ பெண்டாட்டிக்குத் தெரியாம இந்த நாட்டுல ஒரு ஊசி வாங்க முடியாதா?”

“இன்னொரு பெண்டாட்டி வேணும்னாலும் முடியாது, அஸ்ஸார்.”

மே மாதம் பனி உருகியதும் வழி பிறந்தது. சாலையோர வாய்க்காலில் இருபது காலி பீர் டப்பா மினுக்கிக்கொண்டு கிடந்தது. பனிக்காலம் முழுக்கக் காரிலிருந்து எறிந்தது. சும்மா கிடப்பானேன் என்று பொறுக்கி, கடை வாசலில் டப்பா விழுங்குகிற எந்திரத்தில் போட்டார். டப்பாவுக்கு ஒரு குரோனா. எந்திரம் கடகடவென்று அரைத்து, இருபது குரோனா என்று ஒரு சீட்டைத் துப்பியது. வீட்டுக் காலி டப்பாக்களை எப்போதும் மைலிஸ்தான் கொண்டுபோவாள். அவர் கையில் அந்தச் சீட்டு வந்தது அதுதான் முதல் தடவை. அன்னெலியிடம் நீட்டினார். ஒரு பன்னு கொடுத்தாள். கார்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தார். மைலிஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவர் திருடனைப் போலச் சமையலறையை இரண்டு சுற்று சுற்றி வந்தார்.

“என்ன வேணும்?” என்றாள்.

“ஒண்ணும் வேணாம்.”

“உதட்டுல சர்க்கரை ஒட்டியிருக்கு.”

அவர் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினார். மறுநாள் கடை திறக்குமுன் அன்னெலியின் வாசலில் நின்றார்.

“அந்தச் சீட்டு சத்தம் போடல!”

“சீட்டு எப்படிப் போடும்? அதுக்கு பேங்க்கும் தெரியாது, உன் பெண்டாட்டியும் தெரியாது.”

“அப்போ சீட்டாச் சேத்து வண்டிக்குக் குடுத்தா?”

அன்னெலி ஒரு காலிக் காப்பி டின்னை எடுத்துக் கல்லாவுக்கு அடியில் வைத்தாள்.

“இதுல போடு. வாயத் திறக்கமாட்டேன்.”

“நீயா?”

“நவம்பர் வரைக்கும்.”

அந்தக் கோடை முழுவதும் அஸ்ஸார் டப்பா பொறுக்கினார். நடுக்கோடைத் திருவிழாவுக்கு மறுநாள் கம்பம் நட்ட புல்வெளியில் நூற்றெண்பது. ஏரிக்கரையில் டவுன் பையன்கள் கூடாரம் போட்ட இடத்தில் தொண்ணூறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நடன மேடையைச் சுற்றி, புதருக்குள், பெஞ்சுக்கு அடியில். எந்திரத்தின் வாய் சின்னது, அடிக்கடி அடைத்துக்கொள்ளும். ஆகவே சாக்கில் கட்டி விறகுக் கொட்டகையில் விறகுக்குப் பின்னால் ஒளித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனார்.

பொறுக்குவது பெரிய வேலை இல்லை. பார்க்கிறவர்கள் கண்தான் பெரிய வேலை. அந்த ஊரில் வக்கில்லாதவன்தான் டப்பா பொறுக்குவான். தோர்ஸ்தென் ஒருநாள் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

“என்ன அஸ்ஸார், பென்ஷன் பத்தலையா?”

“பத்துது.”

“வேணும்னா சொல்லு. வெக்கப்படாத.”

“உன் வண்டிக்குள்ள டப்பா இருந்தா குடு. இல்லன்னா கண்ணாடிய ஏத்து.”

தோர்ஸ்தென் பின்சீட்டைத் துழாவி நாலு டப்பா கொடுத்தான். அஸ்ஸார் நன்றி சொல்லவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது. யாரிடமும் கை நீட்டாத மனுஷன். ஆனால் பாத்திரம் கழுவுகிற பாட்டு சட்டென்று நிற்கிறது நினைவுக்கு வரும்; குனிந்து அடுத்த டப்பாவை எடுப்பார்.

ஆகஸ்டு கடைசியில் மைலிஸின் பேச்சு குறைந்தது. அவளுக்கு எப்போதுமே பேச்சு குறைவுதான். இது அதிலும் குறைவு. அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது மோந்து பார்த்தாள். அவர் கவனித்தார், ஆனால் புரிந்துகொள்ளவில்லை.

செப்டம்பரில் மூஸ் மான் வேட்டை. முதல் வாரம் முடிந்ததும் வேட்டைக் குடிலைச் சுற்றி டப்பா மலைபோல் கிடக்கும் என்று அஸ்ஸாருக்குத் தெரியும். காலை எட்டு மணிக்குக் கிளம்பினார். கடைப் பக்கம் போகவில்லை. காட்டு வழியாகக் குறுக்கே போனார். மூன்று சாக்கு நிறைந்தது. திரும்பும்போது மொபெட்டின் டயர் வெடித்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தார். சாக்கிலிருந்து பழைய பீர் ஒழுகி முதுகெல்லாம் நாறியது.

வீட்டுக்குள் நுழையும்போது மணி நாலு. மைலிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், பூட்ஸில் சேறு. முன்னால் தொடாத காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. கையில் போன்.

“காலைல எட்டு மணிக்குப் போன. இப்ப மணி நாலு. ஒரு சத்தம் இல்ல.”

“டயர் வெடிச்சிருச்சு.”

“எல்லாம் எனக்குத் தெரியும், அஸ்ஸார். விறகுக்குப் பின்னால பதினோரு சாக்கு பீர் டப்பா. எண்ணிப் பாத்தேன். டவுன் சாராயக்கடைல நீ ஒருநாள்கூடக் கார்டு தட்டல. அப்போ எவனோ வாங்கிக் குடுக்குறான். தோர்ஸ்தென்தானே?”

அஸ்ஸார் வாயைத் திறந்தார். உண்மையைச் சொன்னால் பொறுக்கியது எதற்கு என்று கேட்பாள். வண்டிக்கு என்றால் அடுத்த நிமிஷம் அன்னெலிக்குப் போன் போகும். கூரை ஒழுகுகிறது, சும்மா கிட கிழவா. மறுபடி ஒரு பனிக்காலம் அவள் இந்த ஜன்னலோரமே உட்கார்ந்திருப்பாள்.

“ஆமா,” என்றார். “குடிக்கிறேன்.”

மைலிஸ் அவரையே பார்த்தாள். கத்துவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“சரி. குடி.”

“என்னது?”

“எழுவத்திமூணு வயசாச்சு. குடிச்சாக் குடிச்சுட்டுப் போ. ஆனா போற வழில கடைல நின்னு ஒரு பன்னு வாங்கு. வர்ற வழில இன்னொண்ணு வாங்கு. கார்டத் தட்டு.”

“பன்னு எதுக்கு?”

“சத்தம் கேக்கறதுக்கு, முட்டாளே! அன்னைக்கு நீ காட்டுல கிடந்தப்போ, தோர்ஸ்தென் வீட்டுல காப்பி குடிக்கிறேன்னு நெனச்சு நான் இங்க உக்காந்து காலுறை பின்னிக்கிட்டு இருந்தேன். நாலு மணி நேரம். ஒரு காலுறை முடிச்சுட்டேன். அத நான் இன்னும் உனக்குப் போடக் குடுக்கல, பெட்டிக்கு அடியில கிடக்கு. டிங்குன்னு கேட்டா நீ எங்கயோ நின்னுக்கிட்டு இருக்கேன்னு தெரியும். எனக்கு அது போதும்.”

மூன்று வருஷமாக ஒற்றன் ஒற்றன் என்று அவர் திட்டிக்கொண்டிருந்தது இதைத்தான். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

“பன்னு இருவது குரோனா,” என்றார்.

“தெரியும். தினம் பாக்குறேன்.”

அதற்கப்புறம் அஸ்ஸார் எங்கே போனாலும் போகும்போது ஒரு பன்னு, வரும்போது ஒரு பன்னு. குடிகாரன் என்ற பெயர் வீட்டுக்குள்ளே நிலைத்துவிட்டது. மைலிஸ் அவர் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி உருளைக்கிழங்கு வைத்தாள், வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாதென்று. ஒரு சொட்டுக் குடிக்காமலே குடிகாரனுக்கு உண்டான உபசாரமெல்லாம் அவருக்குக் கிடைத்தது. அது அவரைக் கூச்சப்படுத்தியது, ஆனாலும் தின்றார்.

அக்டோபர் கடைசியில் பனி கொட்டியது. ஒரே இரவில் வாய்க்கால், புதர், ஏரிக்கரை எல்லாம் வெள்ளையாக மூடிக்கொண்டது. இனி மே மாதம் வரைக்கும் ஒரு டப்பா கண்ணில் படாது. அன்னெலி டின்னைக் கவிழ்த்துச் சீட்டுகளை அடுக்கிக் கூட்டினாள்.

“இருநூத்தி நாப்பது குறையுது.”

அஸ்ஸார் காலி டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

“நான் போட்டுடுறேன், விடு,” என்றாள் அன்னெலி.

“வேண்டாம். டிராக்டர நான்தான் பின்னால எடுத்தேன்.”

“அப்போ கார்டத் தட்டு. இருநூத்தி நாப்பதுதான?”

“இருவது குரோனாவுக்கு மேல ஒரு குரோனா போனாலும் அவளுக்கு மூக்குல வேர்த்துரும்.”

சொல்லிவிட்டு இருவரும் ஒரே சமயத்தில் பன்னுக் கூடையைப் பார்த்தார்கள்.

“ஒரு நாளைக்கு ரெண்டு,” என்றாள் அன்னெலி மெதுவாக. “ஆறு நாள்ல தீந்துரும். ஆனா பன்னு கிடையாது, அஸ்ஸார். வாசனை மட்டும் பாத்துக்க.”

“வாசனைக்குக் காசு இல்லையே?”

“உனக்கு இல்ல.”

ஆறு நாள் அவர் காலையிலும் மாலையிலும் கடைக்கு வந்து கார்டைத் தட்டி, பன்னுக் கூடையை முறைத்துவிட்டுத் திரும்பினார். வீட்டில் டிங் டிங் என்று கேட்டது. மைலிஸ் நிம்மதியாகப் பின்னினாள். ஐந்தாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அவர் மூன்றாவது தடவை தட்டை நீட்டியபோது அவள் நிமிர்ந்தாள்.

“ரெண்டு பன்னு தின்ன வயித்துக்கா இவ்வளவு பசி?”

“பன்னு முன்ன மாதிரி இல்ல. வெறும் காத்து.”

“அன்னெலிகிட்ட சொல்லவேண்டியதுதான.”

“சொல்லிட்டேன். சிரிக்கிறா.”

நவம்பர் பதினெட்டு. அஸ்ஸார் விடியுமுன் எழுந்து காப்பி போட்டார், கேக்கில் மெழுகுவத்தி நட்டார், தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் நின்று பிறந்தநாள் பாட்டைப் பாடினார். ரம்பம் அறுப்பது போல இருந்தது. மைலிஸ் தலையணையில் சாய்ந்தபடி கடைசி வரிவரைக்கும் முகம் சுளிக்காமல் கேட்டாள். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய அன்பு கிடையாது.

“வாசலப் பாரு,” என்றார்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். விளக்கு வெளிச்சத்தில், புதுப்பனியில், சிவப்பு நாற்காலியோடு சறுக்குவண்டி நின்றது. அவள் கைப்பிடியைத் தொட்டாள். அப்புறம் திரும்பினாள்.

“சத்தமே கேக்கலயே. எதுல வாங்கின?”

“டப்பால.”

“எந்த டப்பா?”

“பதினோரு சாக்கு எண்ணினியே. அந்த டப்பா. அதுக்கு முன்னால போட்டது, பின்னால போட்டது எல்லாம் சேத்து. கடைசில கொஞ்சம் பன்னுல.”

மைலிஸ் யோசித்தாள். முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்வது தெரிந்தது: சாக்கு, நாற்றம், பசி.

“அப்போ நீ குடிக்கல.”

“ஒரு சொட்டுகூட இல்ல.”

“ரெண்டு மாசமா ஒரு குடிகாரனுக்குச் சோறாக்கிப் போட்டிருக்கேன்!”

“நல்லாத்தான் ஆக்கின.”

“ஊரே பாக்கக் குனிஞ்சு பொறுக்கினியா? நீயா?”

அஸ்ஸார் சறுக்குச் சட்டத்தில் ஒட்டியிருந்த பனியைப் பூட்ஸால் தட்டினார்.

“கூரை இன்னும் ஒழுகுது,” என்றார்.

“ஒழுகட்டும், சட்டி வெச்சுக்கலாம்.” அவள் கண்ணைத் துடைத்தாள், காற்றுப் பட்டது என்று சாக்குச் சொல்லக்கூட இல்லை. உள்ளே போய்க் கம்பளித் தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு வந்தாள். “கடைக்குப் போயிட்டு வரேன்.”

“நான் கூட வரேன்.”

“எதுல? வண்டி ஒருத்தருக்குத்தான்.” போனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, உள்ளே எட்டி மேஜைமேல் வைத்தாள். “இது இங்க கிடக்கட்டும். நீ பாத்துக்க.”

ஒரு உதை, இரண்டு உதை. சிவப்பு நாற்காலி வேலி தாண்டி, வளைவு தாண்டி மறைந்தது.

அஸ்ஸார் ஜன்னலோரம் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். கடைக்குப் பதினைந்து நிமிஷம். எழுபது வயது, இரண்டு வருஷமாக உதைக்காத கால், கொஞ்சம் மெதுவாகத்தான் என்று வைத்துக்கொண்டாலும் இருபது நிமிஷம். இருபத்தைந்தாயிற்று. பாலத்துக்கு முன்னால் ஒரு இறக்கம் இருக்கிறது, அதில் பனிக்கு அடியில் வெறும் ஐஸ். காப்பியை ஊற்றினார், குடிக்கவில்லை. முப்பத்தைந்து. லாரி வருகிற நேரம். போனை எடுத்துப் பார்த்தார், எதை அமுக்குவதென்று தெரியாமல் வைத்தார். நாற்பது. எழுந்து பூட்ஸை மாட்டினார்.

நாலு மணி நேரம் என்றாளே. ஒரு காலுறை முடித்தேன் என்றாளே.

ஒரு பூட்ஸ் காலிலும் ஒன்று கையிலுமாக நிற்கும்போது மேஜையில் சத்தம் கேட்டது.

டிங்.

அஸ்ஸார் போனைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமானது. அன்னெலி கடை. ஒன்பது மணி பன்னிரண்டு நிமிஷம். நாற்பது குரோனா.

இரண்டு பன்னு.

அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஆறின காப்பியைக் கொட்டினார். வேறு காப்பி வைக்க அடுப்பை மூட்டினார்.